கைப்பழக்கமும் கல்விப் பட்டமும்

ஓவியந் தீட்டும் திறனைக் கைக்கும், மொழித் திறனை நாவுக்கும், கற்ற கல்வியை மனத்துக்கும் உரியனவாகப் பகுத்துரைக்கும் தனிப்பாடல் ஒன்று ஒளவையார் பெயரால் வழங்கி வருதலைத் தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். பழக்கத்தின் பெருமையைக் கூறுவது அப்பாடல் என்ற அளவில் உரைகாரர் அமைவர். அதன்கண் நாம் பெரிதும் கருதாது விட்ட செய்தி ஒன்று உண்டு. ஓவியம் ஆங்குக் கல்வியின் உட்பிரிவாகச் சொல்லப்படவில்லை. கல்வியினின்றும் வேறு பிரித்து, அதற்கு முன்னரே எண்ணப்பட்டுள்ளது. கையின் பழக்கம் ஒன்று, மனத்தின் பழக்கம் மற்றொன்று என்பதே அப்பாடலின் துணிபு.

இன்று நிலைமை வேறு. ஓவியத்திலும் சிற்பத்திலும் மட்பாண்டத்திலும் துணி வடிவமைப்பிலும் பல்கலைக்கழகங்கள் இளநிலைப் பட்டம் வழங்குகின்றன. பாட்டுப் பிரித்ததைப் பட்டம் இணைத்துள்ளது எனலாம். அவ்விணைப்பில் கை உண்மையாகவே பட்டத்துள் புகுந்ததா, அன்றிக் கையைப் பற்றிய பேச்சு மட்டுமே புகுந்ததா என்பதும், இவ்வழக்கில் தமிழ்த்துறையார்க்கு உள்ள பொறுப்பு யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

மதுரை மாநகரின் மேற்புறத்தே, வையையின் தென்கரையை ஒட்டி மேலக்காலுக்குச் செல்லும் சாலையில் உள்ளது கோச்சடை. முன்னர்த் தனிச் சிற்றூராய் இருந்து இன்று மாநகராட்சியுள் அடங்கிவிட்ட பகுதி. அதன் பெயர் பாண்டிய மன்னருள் கோச்சடையன் என்பானை நினைவூட்டுவதாயினும் அவ்வாராய்ச்சி நம் பொருளன்று. நமக்கு வேண்டுவது அங்குள்ள அய்யனார் கோயில். வில்லாயுதமுடைய அய்யனாரும் முத்தையா சுவாமியும் கொலுவிருக்கும் அக்கோயிலின் பெருங்குதிரை உருவங்களைச் சாலையிற் செல்வோர் காணாது கடத்தல் அரிது. நம் மாணவர் பலரும் பேருந்திலிருந்து நாடோறும் அவற்றைக் காண்கின்றனர், சிலர் கும்பிடுகின்றனர். ஆயினும் அத்தகைய உருவை ஆக்கும் அறிவு எவ்வகை அறிவு, அதனைக் கற்பிப்பார் யாவர், கற்றார்க்கு நாம் அளிக்கும் பெயர் யாது என்ற வினாக்களைத் தமிழ் வகுப்பில் எழுப்பினாரை யான் கண்டிலேன்.

ஒருநாள் அவ்வினா தானே எழுந்தது. புறநானூற்று முப்பத்திரண்டாம் பாட்டைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். கோவூர்கிழார் நலங்கிள்ளியைப் பாடியது அது. சுற்றத்தாரின் சமையற் கலம் நிறைத்தற்பொருட்டு வஞ்சியையே தருவான். விறலியர்க்குப் பூவிலையாக மதுரையையே தருவான் என்று அவன் கொடையைச் சொல்லி, குயவர் வீட்டுச் சிறுவர் சக்கரத்தில் வைத்த ஈரமண் அவர் கருத்துக்கு இசைந்தவாறு உருப்பெறுவது போல இந்நாடு அவன் கருத்துக்கு இசைந்தது என்று முடிப்பார் புலவர். உவமையின் நயத்தைச் சற்று விரித்தே கூறினேன். அப்பொழுது பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர், வேளார் குடியிற் பிறந்தவர், எழுந்து, "ஐயா, மண் அப்படி நினைத்தபடி வந்துவிடாது" என்றார். வகுப்பு நகைத்தது. யான் நகைக்கவில்லை, விடையும் கூறவில்லை, கூறத் தெரியாமையால்.

பின்னர் அவரை அழைத்து, "தம்பி, இவ்வளவு கை வேலை அறிந்த நீர் ஓவியச் சிற்பக் கல்லூரிக்குப் போகாமல் தமிழ் முதுகலைக்கு வந்தது ஏன்?" என்று வினவினேன். "கல்லூரி சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கிறது ஐயா; எங்கள் சூளை இங்கே இருக்கிறது" என்றார் அவர். இக்கட்டுரை அவ்விரு கூற்றுக்களுக்கும் எழுதிய காலந்தாழ்ந்த விடை.

முதலில் பாட்டினை நோக்குவோம். அம்மாணவர் கூறியது புலவர்மீது ஏற்றிய குற்றமா எனின், ஓராற்றான் ஆம். சக்கரத்தின் வெளியே நிற்பவர்க்கு மண் ஏவல் கேட்பதாகத் தோன்றும். கையை மண்ணில் வைத்தவரோ, ஈரம் மிகின் அது குழைந்து சரியும், குறையின் விரலை எதிர்த்து நிற்கும், விரைந்து உலர்த்தின் வெடிக்கும் என்பதை அறிவர். கோவூர்கிழார் சக்கரத்தின் வெளியே நின்றவர். எனினும் அவர் தேர்ந்தெடுத்த சொல் கருதத் தக்கது. முதிர்ந்த வேட்கோவைக் கூறாது சிறாரைக் கூறினார். சிறுவர் கைக்கும் இணங்கும் மண் என்று எளிமையை மிகுத்தற்கு அவ்வாறு கூறினார் என்று பொருள் கொள்ளுதல் ஒன்று. குயவர் மனையில் சிறுவர்க்கே அப்பழக்கம் கைவந்திருந்தது என்று கொள்ளுதல் மற்றொன்று. பின்னதைக் கொள்ளின், நுழைவுத் தேர்வும் கால அட்டவணையும் இல்லாத ஒரு தொழிற்பள்ளியின் சித்திரம் நமக்குச் சங்கச் செய்யுளிற் கிடைக்கின்றது. அச்சிறுவர் எத்தனை கலம் உடைத்து அந்நிலை எய்தினர் என்பதைப் பாட்டுச் சொல்லவில்லை. கொடையைப் பாடுவார்க்கு அது வேண்டாத செய்தி.

அதனைச் சொல்லும் பாட்டு வேறொன்று உளது. கிள்ளிவளவன் இறந்துபட்ட காலை ஐயூர் முடவனார் பாடிய இருநூற்றிருபத்தெட்டாம் பாட்டில், வானத்தில் இருள் திரண்டாற் போலப் புகை எழும் சூளையையுடைய பழைய ஊரின் குயவனை விளித்து, நீ இரங்கத்தக்காய் என்கிறார் புலவர். அத்துணைப் பெரியோனைக் கவிக்கும் தாழியை வனைய வேண்டுமாயின் நிலவுலகமே சக்கரமாகவும் பெருமலையே மண்ணாகவும் வேண்டுமே, உன்னால் இயலுமோ என்பது வினா. மன்னன் பெருமையைக் கூற வந்த உயர்வு நவிற்சி இது என்று தேர்வு விடைத்தாளில் எழுதி மதிப்பெண் பெறலாம். ஆனால் அவ்வுயர்வு நவிற்சி நிற்கும் அடித்தளம் தொழிலின் அருமையன்றோ? கலம் பெரிதாக ஆக வனைதல் கடினமாகும் என்பதை அறிந்தவர்க்கே அவ்வினா தோன்றும். முப்பத்திரண்டாம் பாட்டில் மண் எளிது. ஈண்டு மண் அரிது. இருநூற்றைம்பத்தாறாம் பாட்டில், கணவனை இழந்தாள் ஒருத்தி, வண்டியின் ஆரத்தில் ஒட்டி வந்த பல்லி போல அவனொடு வந்த தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாகச் செய்க என்று வேண்டுகிறாள். அளவையே அவள் துயரத்தின் சொல்லாக்கினாள். மூன்று பாட்டும் குயவனைப் பற்றியனவே. எனினும் தொழிலை எளிதென்பார்க்கும் அரிதென்பார்க்கும் இடையே உள்ள நெடுந்தொலைவுதான் தொழிற்கல்வி. அதனைக் கடப்பித்தலே கல்லூரி செய்ய வேண்டிய வேலை.

இனி, நம் இலக்கணம் கற்றலை எவ்வாறு கருதியது என்று காண்போம். நன்னூற் பொதுப்பாயிரம் நூலென்னும் பெயர்க்குக் காரணம் கூறுங்கால் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் மகளாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகிக்கும். மரத்தின் கோணலைத் தச்சன் நூல் காட்டித் தீர்ப்பது போல மனத்தின் கோணலை நூல் தீர்க்கும் என்றும் கூறும். செய்யுளைப் பற்றிய நம் வினைச்சொற்களும் அத்தகையனவே: யாத்தல், தொடுத்தல், புனைதல் யாவும் கையின் தொழிலிலிருந்து வந்தவை. எழுதுதல் என்பது ஓவியத்துக்கும் உரியது, ஏட்டுக்கும் உரியது. இவ்வாறு தன் பெயரையே தொழிற்கூடத்திலிருந்து கடன்பெற்ற இலக்கணம், மாணாக்கன் கற்கும் முறையைச் சொல்ல வரும்போது கையை மறந்துவிடுகின்றது. செவியே வாயிலாக, நெஞ்சே கொள்கலமாக அவன் கேட்க வேண்டும். கேட்டதை மறவாது உளத்தமைக்க வேண்டும். கலம் ஒன்று அங்கு வருகிறது, உண்மை. கடைமாணாக்கனுக்கு உவமையாக வரும் ஓட்டைக் குடம் அது!

சிலப்பதிகாரம் இதற்கு விலக்காகும். அரங்கேற்று காதை ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர்க்கு வேண்டும் தகுதிகளை ஒவ்வொன்றாக வரையறுக்கின்றது. மாதவி ஐந்தாம் ஆண்டிற் றொடங்கி ஏழாண்டு பயின்று பன்னீராண்டில் அரங்கேறியதையும் கூறுகின்றது. இதனினும் திருத்தமான பாடத்திட்டம் வேண்டா. ஆனால் அது கூத்துக்கும் இசைக்கும் உரியது. மதுரைக்காஞ்சி ஓவியரைக் கண்ணுள்வினைஞர் என்னும். காண்பார் கண்ணிலே தம் தொழிலை நிலைபெறச் செய்வார் என்பது நச்சினார்க்கினியர் கொண்ட கருத்து. கலைத்திறனாய்வுக்கு இதுபோல் அடிப்படையாகும் உரை வேறெங்கும் எளிதிற் கிட்டாது. எனினும் அவ்வினைஞர் யாரிடம், எத்தனை ஆண்டு பயின்றனர் என்பதை நூல்கள் கூறாமற் போயின. மயிலை சீனி. வேங்கடசாமி 1956-இல் வெளியிட்ட 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' என்னும் அரிய நூலும் கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து, காவியம் என்னும் ஆறனோடு அமைகின்றது. நூலாசிரியரைக் குறைகூறுவது நம் கருத்தன்று. கலை என்னும் சொல்லின் எல்லைக்குப் புறத்தே மட்கலமும் நெசவும் நின்றதற்கு அது சான்று என்பதே கருத்து.

இவ்வெல்லையைக் கல்விச்சாலைகளின் வரலாற்றிலும் காணலாம். சென்னையில் 1850-இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளி விரைவில் தொழிற்கலைப் பள்ளியாகி அரசின் கைக்கு வந்தது. அதன் தொடக்கத்தில் தொழிலே முதன்மை. 1884 முதல் அதன் தலைவராயிருந்த ஹாவெல் நாட்டுக் கைத்தொழிலின் சிறப்பை எடுத்துப் பேசியவர். 1898-இல் அப்பள்ளியிலேயே ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். கைத்தொழிலை வளர்க்க எழுந்த பள்ளியிலிருந்தே மட்பானைக்குப் பகையாகும் பாத்திரம் புறப்பட்டது. நம் அடுக்களைகளின் வரலாறு எழுதுவார்க்கு இது குறிக்கத்தக்க செய்தி. 1929 முதல் 1957 வரை தேவிபிரசாத் ராய் சௌதுரியும், பின்னர்க் கே.சி.எஸ். பணிக்கரும் தலைமை ஏற்ற காலத்தில் ஓவியமும் சிற்பமும் தனிப்பெருமை எய்தின. 1962-இல் பள்ளி, கலை கைத்தொழிற் கல்லூரி ஆயிற்று. பிற்காலத்தில் அப்பெயரும் மாறிற்று. இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி. கைத்தொழில் என்ற சொல் பெயர்ப்பலகையிலிருந்து மறைந்தது. சொற்களைக் கருவியாகக் கொண்ட நமக்கு அச்சிறு மாற்றம் சிறியதாகத் தோன்றலாகாது.

மறைந்த சொல்லின் பொருள் முற்றும் மறைந்ததென்று கூறுதல் முறையன்று. அக்கல்லூரியில் இன்றும் ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு மட்பாண்ட வடிவமைப்பும் துணி வடிவமைப்பும் பட்டப் பாடங்களாக உள்ளன. எனவே மட்கலம் பட்டத்துள் புகுந்தே இருக்கிறது. வடிவமைப்பு என்னும் புதுப்பெயர் பூண்டு புகுந்தது. ஈண்டுத்தான் ஐயம் எழுகின்றது. வடிவமைப்பான் வரைந்து கொடுப்பான், குயவன் செய்து கொடுப்பான் என்ற பிரிவு அப்பெயரின் உள்ளே ஒளிந்துள்ளது. நினைப்பவன் ஒருவன், மண்ணைத் தொடுபவன் மற்றொருவன். முப்பத்திரண்டாம் பாட்டின் அரசனும் மண்ணும் போல!

பணிக்கரின் மாணவர்கள் வாழ்வு வேறொரு பாடம் கற்பிக்கின்றது. 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் அவர்கள் அமைத்த சோழமண்டலம் என்னும் ஓவியர் ஊருக்கு நிலம் வாங்கிய பொருளில் பெரும்பகுதி, மெழுகுச் சாயத் துணியாகிய பாத்திக் முதலிய கைவினைகளால் ஈட்டியது. ஓவியத்தை ஓவியம் காக்கவில்லை; கைவினை காத்தது. இச்செய்தியைத் தற்கால ஓவிய வரலாறு எழுதுவார் பிழைப்புக்கு வழி என்ற அளவில் ஒருவரியிற் கூறிக் கடப்பர். அதனை ஒரு கல்விக் கொள்கையாகக் கொண்டு சிந்தித்தாரில்லை.

மாமல்லபுரத்தின் கதை இதற்கு எதிர்மறை. 1957-இல் சிற்பப் பயிற்சி நிலையமாகத் தொடங்கி, பின்னர்ப் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்த அந்நிறுவனத்தில், தலைமுறைத் தொழிலாகச் சிற்பம் பயின்ற குடியினரே ஆசிரியராயினர். நெடுங்காலம் அதன் தலைவராயிருந்த வை. கணபதி ஸ்தபதி பிள்ளையார்பட்டிச் சிற்பியர் மரபினர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் பயின்றவர். குமரிமுனையில் 2000-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற 133 அடி வள்ளுவர் சிலையை ஆக்கியவர். 'சிற்பச் செந்நூல்' எழுதியவர். கையும் ஏடும் ஒருவரிடத்தே பொருந்தி நின்றமைக்கு இதனினும் சிறந்த சான்று தமிழகத்தில் இல்லை. ஆனால் அக்கல்லூரிக்குக் கல்லும் ஆகம வழிப்பட்ட கோயிலும் உரியனவாயின. மண்ணும் அய்யனாரும் அங்கும் புறத்தே நின்றனர். சிற்பியருக்கு நூல் இருந்தது. நூலுள்ள தொழிலுக்குப் பல்கலைக்கழகம் எளிதிற் கதவு திறக்கும். வேளார்க்குக் கையே நூல்.

அக்கை அறிந்தவை எவை? புரவி எடுப்புக்கு நாள் குறித்ததும் ஊரார் பிடிமண் கொடுப்பர். வேளார் மண்ணைக் களைந்து, மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதப்படுத்துவர். பெருங்குதிரையாயின் கால்கள் உள்ளீடற்ற உருளைகளாக முதலில் எழும்; கீழ்ப்பகுதி தன்மேல் ஏறும் சுமையைத் தாங்கும் அளவுக்கு இறுகிய பின்னரே மேற்பகுதி ஏறும். இறுகாமுன் ஏற்றின் சரியும். மிக உலர்ந்தபின் ஏற்றின் ஒட்டாது. அந்த இடைநிலை கையால் தொட்டே அறியப்படுவது. சூளையில் வைக்கோலும் எருவும் அடுக்கி மண் பூசி, புகைபோக வழி விட்டுச் சுடுவர். பின்னர்க் கண் திறப்பு. மதுரைப் பகுதி வேளார் உருவைச் செய்வோர் மட்டுமல்லர், அதற்குத் தெய்வத்தன்மை ஏற்றுவோரும் ஆவர் என்பதைக் கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிஸ், பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்கு 1984-இல் அளித்த ஆய்வேட்டின் தலைப்பிலேயே குறித்தார். வையைக்கரைக் குயவரின் அறிவுக்கு முனைவர் பட்டம் பசிபிக் கரையில் கிடைத்தது. நாம் அக்காலத்துத் தாழியின் சொற்பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தோம்.

வேளாரின் தேர்வுமுறையும் கருதத் தக்கது. ஊரார் தோளில் ஏற்றிக் கோயில்வரை சுமந்து செல்லும்போது கால் முறியாது நிற்றலே தேர்ச்சி. மூன்று மணி நேரத்து எழுத்துத் தேர்வால் அதனை அளக்க இயலாது.

இம்முறையைக் கல்லூரியுள் கொணர முடியுமா எனின், முடிந்த இடம் ஒன்றை வரலாறு அறியும். செருமனியில் வைமர் நகரில் 1919-இல் தோன்றிய பௌஹவுஸ் என்னும் கலைப்பள்ளி, ஒவ்வொரு தொழிற்கூடத்துக்கும் உருவ ஆசிரியர் ஒருவரும் தொழில் ஆசிரியர் ஒருவருமாக இருவரை அமர்த்தியது. மட்பாண்டக் கூடத்தை நகரில் அமைக்கவில்லை. டோர்ன்பர்க் என்னும் சிற்றூரில் மாக்ஸ் கிரேகான் என்ற குயவரின் சூளைக்கே மாணவரை அனுப்பியது. சிற்பி கெர்ஹார்ட் மார்க்ஸ் உருவ ஆசிரியர். கிரேகான் தொழில் ஆசிரியர். மாணவர் அங்கேயே தங்கி மண் பிசைந்து, விறகடுக்கிக் கற்றனர். சூளை கல்லூரிக்கு வரவில்லை. கல்லூரி சூளைக்குச் சென்றது. நம் நாட்டில் 1950-இல் தோன்றிய பரோடாப் பல்கலைக்கழக நுண்கலைப் புலம் பட்டத்தின் வாயிலாகக் கலை கற்பிப்பதில் முன்னோடி. அங்குப் பணியாற்றிய கே.ஜி. சுப்பிரமணியன் சுடுமண்ணையும் பொம்மையையும் ஓவியத்தோடு ஒப்ப மதித்துக் கற்பித்தவர். ஆதலின் இது வெளிநாட்டார்க்கே இயல்வது என்று கூறி ஒதுங்க இடமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2022-இல், தொழில் வல்லாரை வழக்கமான பட்டத்தகுதி கேளாது பேராசிரியராக அமர்த்த வழிவகுத்துள்ளது. அதன் பயன் பொறியியலுக்கும் வணிகத்துக்கும் மட்டும் போய்ச் சேராமல் சூளைக்கும் வரவேண்டுமாயின் கேட்பார் வேண்டும்.

ஈண்டு ஒரு தடையை எழுப்பிக் கொள்ளுதல் கடன். தொழில் மனையிலேயே வளரட்டும், பட்டம் அதனைக் கெடுக்கும் என்பார் உளர். அவர் கூற்றில் அன்பு உண்டு, நீதி இல்லை. மனைவழிக் கல்வி பிறப்புவழிக் கல்வியும் ஆகும். குயவர் குடியிற் பிறவாதார்க்கு அங்கு இடமில்லை. அக்குடியிற் பிறந்தும் பெண்களுக்குப் பல ஊர்களில் மண் மிதிக்கும் வேலை உண்டு, சக்கரம் இல்லை. பட்டக் கல்வியோ யாவர்க்கும் சக்கரத்தைத் திறந்து வைப்பது. இந்நன்மை ஒன்றற்காகவே அதனை நான் வரவேற்பேன். கேட்பது ஒன்றே: சக்கரத்தைத் திறந்துவைக்கும் கல்லூரி, அதைச் சுழற்றியவரை வாயிலில் நிறுத்திவிடுதல் கூடாது.

தமிழ்த்துறைக்கு உரிய பங்கு இனி. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழகத்தில் இசைக்கும் கவின் கலைக்கும் தனிப் பல்கலைக்கழகமே எழுந்துவிட்டது. ஆயின் தொழிற்கூடத்தில் ஆசிரியரும் மாணவரும் மண்ணைப் பற்றிப் பேசும் தமிழ் எங்கே? ஆங்கிலச் சொற்களை மொழிபெயர்த்துக் கலைச்சொற் பட்டியல் ஆக்குவதில் நாம் ஊக்கங் காட்டினோம். மண்ணின் மேல் நின்று வேளார் வழங்கும் சொற்களைத் தொகுத்தோமல்லோம். ஆந்திரத்தில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தலைமையில் தொழில்வழக்குச் சொல்லகராதித் தொகுதி உழவுத் தொழிலுக்கு 1962-இலேயே வெளிவந்தது. நெசவுக்கும் பின்னர்த் தொகுதி வந்தது. மொழியறிஞர் ஊரூராகச் சென்று உழவரையும் நெசவாளரையும் கேட்டெழுதிய உழைப்பு அது. நம் முதுகலை மாணவர் ஆண்டுதோறும் எழுதும் ஆய்வேடுகளில் பத்தில் ஒன்று இவ்வழியிற் சென்றாலும் போதும். பதம் என்ற சொல்லை நாம் நன்னூற் பதவியலிற் கற்கிறோம். மண்ணுக்குப் பதம் உண்டு, அது விரலுக்குத் தெரியும் என்பதை விளாச்சேரியிலோ கோச்சடைக்கு அண்மையிலோ ஒரு சூளைத் திண்ணையில் அமர்ந்து கற்றல் வேண்டும். அச்சொற்களின்றிக் கல்லூரியில் நடைபெறும் திறனாய்வு, அழகு, நயம், உணர்வு என்னும் மூன்று சொற்களைச் சுற்றிச் சுற்றி வருவதாகவே முடியும். நம் செய்யுட் திறனாய்வும் அந்நோயினின்று முற்றும் நீங்கியதன்று.

மண் நினைத்தபடி வராது என்று கூறிய மாணவர் இவ்வாண்டு ஐயூர் முடவனார் பாட்டைப் பொருளாகக் கொண்டு ஆய்வேடு எழுதி வருகிறார். வேளார் சொற்கள் இருநூற்றுக்கு மேல் தொகுத்துள்ளார். அவற்றுட் பாதிக்கு அகராதியில் அப்பொருள் இல்லை. ஆய்வேட்டின் ஒரு பகுதியாக, ஆள் உயரத் தாழி ஒன்றைத் தம் தந்தையாருடன் வனைந்து சுட்டு, அம்முயற்சியிற் கண்டவற்றைப் பாட்டின் உரையாக எழுதித் தரலாமா என்று கேட்டுள்ளார். முதற் றாழி உலருங்கால் கழுத்தில் வெடித்துவிட்டது. அதனையும் எழுதுவதாகக் கூறுகிறார். ஆய்வேட்டுக்குப் பக்க அளவு விதிக்கப்பட்டுள்ளது. தாழிக்கு விதி இல்லை. தேர்வுக்குழு அடுத்த திங்கள் கூடுகின்றது.